பனியில் திரும்பும் காலடி

கல்பிட்டி
நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகள் ரம்ஸியாவுக்கு உம்மா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் தந்த சுகத்தில் நானும் வாப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அதே சுகத்தை உனக்கும் மருமகன் றிப்திக்கும் தரச் சொல்லி ஒவ்வொரு தொழுகையிலும் அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் போன் இருக்க உம்மா ஏன் பேனையைத் தூக்கினா என்று நீ சிரிப்பாய். சிரித்தால் நல்லது, சிரி. போனில் நான் ஒன்று கேட்க நீ ம் என்கிறாய், இன்னொன்று கேட்க அதற்கும் ம் என்கிறாய், அதோடு நானும் போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ ம் சொல்ல முடியாது, நானும் நினைத்ததை முழுவதாகச் சொல்லி முடிக்கலாம். அதோடு இந்தக் கடிதம் தனியாக வரவில்லை. உங்கள் ஊரில் றிப்தியோடு வேலை செய்கிற பையனின் பெண்சாதி ஷிஹாரா, நம்முடைய தில்லையடிப் பிள்ளை, லீவு முடிந்து நோர்வேக்குத் திரும்புகிறாள் அல்லவா, அவள் கையில் ஒரு தட்டைப் பார்சலும் தந்துவிடுகிறேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றி இரண்டு பக்கமும் மட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். அதை அவிழ்க்க முதல் இதை வாசித்து முடி. மாசிச் சம்பல் போத்தல் வேறு பையில் இருக்கிறது, அதை வாசிக்காமலே திறக்கலாம்.

வீட்டுப் புதினங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடைக் காற்று இன்னும் விட்டபாடில்லை, விடியற்காலையில் கிணற்றடியில் நின்றால் பல்லுக் கிட்டுகிறது. பார், உன்னிடம் போய்க் குளிரைப் பற்றி முறையிடுகிறேன். வாப்பாவின் வெங்காயப் பாத்தி மழைக்குப் பாதி அழுகி மீதி பிழைத்துக்கொண்டது. பீட்ரூட் நன்றாக வந்திருந்தது, கண்பட்டதோ என்னவோ, வேலியைப் பிரித்துக்கொண்டு கழுதையொன்று உள்ளே வந்து இலையெல்லாம் மேய்ந்துவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு ஓடின வாப்பா தண்ணீர்க் குழாயில் தடக்கி விழுந்தார், கழுதை ஓடாமல் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பயப்படாதே, முழங்காலில் தோல் உரிந்தது மட்டும்தான். சித்தி மரியம் மாமிக்கும் முழங்கால் வலிதான், ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை, வாப்பாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தா என்று நானும் பொறுத்துக்கொண்டு போகிறேன். அவர் உன்னை விசாரிக்காத நாளில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். றிப்தி எனக்குப் போன் எடுத்தான். அவனைக் கோபிக்காதே, கோள் சொல்ல எடுக்கவில்லை, எடுத்ததும் அழத்தான் அழுதான். உன் பிள்ளை ஸாபித் மௌத்தாகி அடக்கின நாள்முதல் நீ மத்தியானம் தாண்டினால் மையவாடிக்குப் போய்விடுகிறாயாம், கபுறடியில் பனியின்மேலேயே குந்திவிடுகிறாயாம், அவன் வேலை முடிந்து வந்து கையைப் பிடித்துத் தூக்கினால்தான் எழும்புகிறாயாம். ஒரு தரம் உதடு நீலம் பாரித்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றும், டொக்டர் ஏசி அனுப்பிய பிறகும் அடுத்த நாளே அங்கே போய் இருந்தாய் என்றும் சொன்னான். ஏன் என்று கேட்டால், நான் எழும்பி வந்தா அவன் தனிச்சிப் போயிடுவான் என்று மட்டும் சொல்கிறாயாம். கடைசியாக அவன் சொன்ன சொல்தான் என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. மாமி, என்டைக்காவது ஒருநாள் நான் போய்ச் சேர்றத்துக்குப் பிந்திடுவேனோண்டு பயமா இரிக்கி என்றான். எனக்கும் அந்தப் பயம்தான் மகள். சோற்றுப் பானைக்கு முன்னால் நிற்கும்போதும் அந்தப் பயம், தையல் மெஷினில் கால் வைக்கும்போதும் அந்தப் பயம். பேரப்பிள்ளையைக் கொடுத்துவிட்டோம், கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், பொறுத்துக்கொள்ளலாம். உன்னையும் கொடுக்க என்னால் முடியாது, அதை அல்லாஹ்விடமே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் வந்து சேரலாம் என்றால் விசா தரவில்லை, அது உனக்கே தெரியும். றிப்தி ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளைத் தரை, கறுப்பு மரங்கள், மரத்துக்கு நடுவே களைத்துப்போன மாதிரி ஒரு சூரியன், நடுவில் நம்முடைய பிள்ளையின் பெயர் எழுதிய சின்னப் பலகை. அதை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு அது ஒரு இடமாகவே தெரியவில்லை. எங்கே காற்று வருகிறது, எது கிழக்கு, காலை வைத்தால் தரை என்ன செய்யும், ஒன்றும் விளங்கவில்லை. நீ நாள்தோறும் போய் இருக்கிற இடம் எனக்கு விளங்காமல் இருப்பது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நடந்து போக முடியாத இடத்தைக் கையாலாவது தொட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஆலங்குடாவில் யூஜீனியா என்று ஒருத்தி இருக்கிறாள், வாப்பாவிடம் மரக்கறி எடுக்க வருவாள். இத்தாலியில் வயதான ஒரு ஓவியக்காரியைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, அந்தக் கிழவியிடமே எண்ணெய் நிறத்தில் படம் கீறப் பழகி வந்தவள், இப்போது வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல்களுக்குக் கடலும் வள்ளமும் கீறிக் கொடுக்கிறாள். போன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இதைப் பெரிதாகக் கீறித் தா என்று கேட்டேன். பார்த்தாள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, நான் கீறினா அது ஹோட்டல் படமாத்தான் வரும் ராத்தா, நீங்களே கீறுங்க, நான் பக்கத்துல நிக்கிறன் என்றாள். தையல் சோக்கைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை என்னுடையது. அதைச் சொன்னேன். அது போதும் என்றாள்.

அவளிடம் அந்தக் கிழவி கொடுத்த மொத்தமான புத்தகம் ஒன்று இருக்கிறது, பழைய காலத்து ஐரோப்பியர் கீறிய மாரிகாலப் பனிப் படங்கள். வானம் பெரிது, மரமெல்லாம் மொட்டை, இடிந்த கோயில், மூடுபனி, பார்த்தால் மனம் அடங்கிப்போகும். இதற்கு ரொமாண்டிக் என்று பெயர் என்றாள். அதை நான் வீட்டில் வந்து சொல்ல, சித்தி மரியம் மாமி பாக்கு உரலைக் கீழே வைத்துவிட்டு, பேரப்புள்ள கண்ட வயசில உனக்கு ரொமாண்டிக் கேக்குதாடி பளீலா என்றார், வாப்பா சிரிப்பை அடக்கப் போய்த் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பிள்ளை மௌத்தான பிறகு இந்த வீட்டில் ஆட்கள் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த நாள் யூஜீனியாவிடம் கேட்டேன். இது காதல் இல்ல ராத்தா, மனிசன் எவ்வளவு சின்னதெண்டு காட்டுற படம் என்றாள். அப்படியென்றால் எனக்குப் புதிதில்லை, ஐந்து வேளையும் அல்லாஹ்வே பெரியவன் என்று தக்பீர் கட்டும்போது நாங்கள் சொல்வதும் அதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாடத்திலேயே எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். வெள்ளை வெளேரென்று இருந்த கன்வஸ் துணி முழுக்க, டர்பன்டைனில் கரைத்த செம்மண் நிறத்தைப் பழந்துணியால் பூசச் சொன்னாள். பனியும் வெள்ளை, துணியும் வெள்ளை, ஏன் இதை ஊத்தையாக்க வேணும் என்று கேட்டேன். பனிக்கு அடியில மண் இரிக்கிதுதானே, அதை முதல்ல வைங்க, பிறகு மூடலாம் என்றாள். பழந்துணியை எடுத்து நானே பூசினேன். மண் காய்ந்த பிறகு வானம், வானத்துக்குக் கீழே தூரத்து மரங்கள், அதற்குமேல் மூடுபனி, எல்லாம் முடிந்துதான் பனி. முதல் பூச்சு தண்ணீர்போல இருக்க வேண்டும், போகப் போகத்தான் எண்ணெய் கூட வேண்டும், மாறிச் செய்தால் பிற்காலத்தில் வெடித்துவிடுமாம். மூடுபனிக்கு ஒன்றும் பூசுவதில்லை, காய்ந்த பிரஷ்ஷால் ஈர நிறத்தை மெல்லத் தடவித் தடவிக் கலைப்பதுதான், குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. அதைச் செய்யும்போது பாதியில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன், யூஜீனியா பார்த்தும் பார்க்காததுபோல வெளியே போய் நின்றாள். மரங்களுக்கு நான் இலை வைத்தேன், துடைத்துவிட்டாள். இலையில்லாத மரத்தை எங்கள் பக்கம் விறகுக்குத் தறித்துவிடுவோமே என்றேன், அங்கு அது உயிரோடுதான் நிற்கும் என்றாள். மத்தியானத்தில் எடுத்த படம் என்று றிப்தி சொன்னதை நம்பி நிழலையெல்லாம் மரத்தின் காலடியிலேயே சுருட்டி வைத்தேன், அதுவும் பிழை. உங்கள் சூரியன் மத்தியானத்திலும் எழும்பாமல் ஓரத்தில் கிடக்குமாம், நிழல் தரை நீளத்துக்கு ஓடுமாம். நடுப்பகலில் உன் நிழல் உனக்கு முன்னால் அவ்வளவு தூரம் போகிறதை நினைத்து எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பனி வைக்கும் நாள் வந்ததும் வெள்ளை ட்யூபைப் பிதுக்கி அப்படியே அப்பினேன். இது பனியில்ல ராத்தா, பெருநாளைக்கு வெள்ளையடிச்ச மதில் என்றாள். பனிக்குச் சொந்தமாக ஒரு நிறம் இல்லையாம், வானம் எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக் காட்டுமாம். நிழல் விழுந்த இடத்தில் நீலம், வெயில் பட்ட இடத்தில் இலேசாக மஞ்சளும் ரோசும், சுத்தமான வெள்ளை படம் முழுவதற்கும் நகக்கண்ணளவுதான். எண்ணெய் நிறம் இலேசில் காயாது, நம்முடைய காற்றில் அது இன்னும் பிந்தும். துணி என்றால் பிழைத்த தையலை அன்றைக்கே பிரித்து அன்றைக்கே தைத்துவிடுவேன், இது ஒரு பூச்சுப் பூசிவிட்டு நாட்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற வேலை, என் குணத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். காயவைக்க ஜன்னலடியில் சாத்தினால் காற்று மணலைக் கொண்டுவந்து அதில் ஒட்டிவிடும், ஊசிமுனையால் ஒவ்வொரு மணலாக எடுத்தேன், இடது மூலையில் சிலது அப்படியே தங்கிவிட்டது, தடவினால் கையில் படும். வந்து பார்த்த சனமெல்லாம் உப்பளம், உப்பளம் என்றது. புத்தளத்து மனிசருக்கு வெள்ளையாக எதைக் காட்டினாலும் அதுதான் ஞாபகம் வரும்.

அந்தப் புத்தகத்துப் படங்களில் எங்கேயாவது ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் இல்லாவிட்டால் இடத்தின் பெருப்பம் தெரியாது, நீங்களும் ஒருத்தரை வையுங்கள் என்றாள் யூஜீனியா. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. உசிருள்ளதைக் கீறாதே, நாளைக்கு அதுக்கு உசிரக் குடு எண்டு கேட்டா என்ன செய்வாய் என்று மாமி முன்கூட்டியே எச்சரித்திருந்தார், எனக்கும் மனம் ஒப்பவில்லை. சரி, ஆள் வேணாமெண்டா அடி போடுவம், ஆள் வந்ததெண்டு தெரிஞ்சாச் சரி என்றாள். அடி என்றால் காலடித் தடம். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. படத்தின் கீழ் ஓரத்தில் தொடங்கி, கிட்ட இருக்கிறது பெரிதாகவும் போகப் போகச் சின்னதாகவும், ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் நீல நிழலும் மறுபக்கம் ஒரு கோடு வெளிச்சமும் வைத்து, காஜா எடுக்கிற கவனத்தோடு ஸாபிதின் பலகை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான் கீறியது உன் காலடி என்று சொல்லத் தேவையில்லை. முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து, பாரடி யூஜீனியா என்று பெருமையாகக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று பார்த்தாள். நல்லா இரிக்கி ராத்தா, ஆனா போனவ எங்க என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. இந்த அடியெல்லாம் போகுது, ஒண்டும் திரும்பி வரயில்ல, படத்துல ஆளும் இல்ல, அப்ப போனவ எங்க என்றாள். அவள் வேறொன்றும் நினைத்துக் கேட்கவில்லை, படத்தில் கண்ட பிழையைத்தான் சொன்னாள். என்ட றப்பே, என் கையாலேயே என் பிள்ளையைப் போகவிட்டுத் திரும்ப வழி வைக்காமல் விட்டேனே என்று அங்கேயே தலையில் கை வைத்து அழுதேன். யூஜீனியா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆத்துமாக்கள் திருநாளைக்கு நாங்க பொம்பிளையளும் சவக்காலைக்குப் போறம், மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வீட்ட வாறம், அந்தப் பழக்கத்திலதான் கேட்டன் ராத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்க என்றாள்.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தப் பிழை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நம்முடைய ஊர்ப் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வாசலைத் தாண்டிப் போகிறதைத்தான் நாங்கள் காண்போம், அங்கே அடக்கிவிட்டு ஆண்கள் திரும்புகிறதை எந்தப் பெண்ணும் காண்பதில்லை. உனக்கு மூத்தவன் ரிஃபாஸ் பிறந்து தங்காமல் போனான் என்பது உனக்குத் தெரியும், அதற்குமேல் நான் உனக்கு ஒன்றும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைக்குத் தோளில் தூக்குகிற சந்தூக்கு இல்லை, கையில்தான் கொண்டுபோவார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாப்பா வாசலைத் தாண்டினதை நான் பிள்ளை பெற்ற அறை ஜன்னலால் பார்த்தேன், அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். அவர் திரும்பி வந்தபோது நான் மயங்கிக் கிடந்தேனாம். அதனால் என் மனதில் அவர் இத்தனை வருடமும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறார். நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்தத் தடவை கேட்டேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், நான் வரப்பில் போய்க் குந்திக்கொண்டு, ரிஃபாஸை வைத்த பிறகு அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குழாயைக் கீழே வைக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை, தண்ணீர் ஒரே இடத்தில் ஓடி வெங்காயத்தை அரித்துக்கொண்டிருந்தது. மண் போட்டு துஆ ஓதி முடிஞ்சி எல்லாரும் நடக்கத் தொடங்கிட்டாங்க, எனக்குக் கால் வரயில்ல, நான் நின்டுட்டேன் என்றார். நின்றவரிடம் அவருடைய வாப்பா வந்தாராம். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லையாம். அவன அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான், அந்தப் புள்ள அங்க ஊட்டுல தனிச்சிக் கிடக்கா, நட என்று அதட்டினாராம். உனக்காகத்தான் திரும்பினேன் என்று என்னிடம் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அடக்கிட்டுப் போறவங்கட காலடிச் சத்தம் உள்ள இரிக்கிறவருக்குக் கேக்கும் எண்டு ஹஸ்ரத் ஓதித் தந்திரிக்கார், அவனுக்குக் கேக்கட்டும், வாப்பா ஓடிப்போகல்ல, நடந்துதான் போறேன் எண்டு தெரியட்டும் எண்டு காலை அழுத்தி அழுத்தி வெச்சேன், ஆனா மணல்ல என்ன சத்தம் வரும் என்றார். வாப்பா அழுது நீ கண்டிருக்கமாட்டாய். நானும் அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்கு அடுத்த வெள்ளி அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகவில்லை, மையவாடியின் பின்பக்கத்து மதில் சரிந்த இடத்தில் வெளியே நின்று, பூவரச மரத்துக்கு இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அடையாளம் ஒன்றும் இல்லை, மணல் மூடிவிட்டது, பாதி பூத்துப் பாதி உதிர்ந்த மரம் மட்டும் நிற்கிறது. ஸலாம் சொன்னேன், யாஸீன் ஓதினேன், ஓதி முடிந்தது, கால் வரவில்லை. நீ சொல்கிறதுதான் மகள், நான் போனால் அவன் தனித்துப்போவான் என்று எனக்கும் அந்த இடத்தில் தோன்றியது, அத்தனை வருடம் அவனை அங்கே விட்டுவிட்டு இருந்தவளுக்கு அன்றைக்கு அப்படித் தோன்றியது. மௌத்தான சின்னப் பிள்ளைகள் இப்ராஹீம் நபியின் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது நீயும் நானும் ஓதிப் படித்ததுதான், ஆனால் ஓதினதெல்லாம் காலுக்கு இறங்க நேரம் எடுக்கிறது. வாப்பா அவசரப்படுத்தவில்லை. வெயிலில் முழங்கால் புண்ணோடு எனக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற நிலையைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன், வேறு எந்தப் பெரிய பலமும் எனக்கு வரவில்லை. முதல் அடிதான் கஷ்டம், அது ஆழமாக விழுந்தது, பிறகு அடுத்தது தானாக வந்தது. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அன்று மாலையே யூஜீனியாவிடம் போய்த் திரும்புகிற அடியைக் கீறினேன். போன தடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் விலகி. ஸாபிதின் பலகையடியில் இருக்கிற முதல் அடி மற்றவற்றைவிட ஆழம், அதற்கு நீலத்தோடு ஒரு துளி கறுப்பும் கலந்தேன். போன அடி நேராகப் போயிருக்கிறது, வருகிற அடி கொஞ்சம் வளைந்து வளைந்துதான் வருகிறது, அதை நான் திருத்தவில்லை, யூஜீனியாவும் திருத்தச் சொல்லவில்லை. அதைத்தான் உனக்கு அனுப்புகிறேன். கண்காட்சிக்கு வைக்கிற படமில்லை, மரமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, மூடுபனி ஒரு இடத்தில் புகை மாதிரி வந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் எனக்குத் தெரியாத மண் இப்போது ஒரு சாண்கூட இல்லை. அடி வந்து முடிகிற கீழ் ஓரத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

மையவாடிக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன் மகள், எனக்கு அந்த உரிமை இல்லை. போ. நன்றாக உடுத்துக்கொண்டு, காலுக்கு இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு போ. ஸலாம் சொல்லு, கையேந்தி துஆ கேள், அழுகை வந்தால் அழு. ஆனால் குந்தாதே, நின்றுகொண்டே ஓது, ஓதி முடிந்ததும் திரும்பு. றிப்தி வந்து தூக்கும் வரைக்கும் இருக்காதே, அவனும் பிள்ளையைக் கொடுத்தவன்தான், வேலைக்கும் போய், அங்கேயும் ஓடிவந்து, வீட்டுக் கதவைத் தானே திறந்து லைட்டைப் போடுகிறான். ஒருநாளைக்கு அவனுக்கு முன்னால் நீ வீட்டுக்குப் போய் லைட்டைப் போட்டு வை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் மெதுவாகக் காயட்டும், அவசரம் இல்லை.

படத்தை ஹீட்டருக்குக் கிட்ட மாட்டாதே, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறதாம். தலைக்கு எண்ணெய் வை, முடி கொட்டுகிறது என்று றிப்தி சொன்னான், அதையும் அவன்தான் சொன்னான், கோபிக்காதே. சம்பலைப் பாணோடு சாப்பிட்டாவது விடியமுதல் ஸஹர் செய், வெறும் தண்ணீரோடு நோன்பு பிடிக்காதே, உடம்பு முடியாவிட்டால் விட்டுப் பிடிக்கலாம், அல்லாஹ் கணக்குப் பார்க்கிற கடைக்காரனில்லை. வாப்பா உனக்கும் மருமகனுக்கும் ஸலாம் சொன்னார், சித்தி மரியம் மாமியும் சொன்னார். உன் ஹயாத்தை அல்லாஹ் நீட்டித் தரட்டும், உன் நெஞ்சின் பாரத்தை அவன் தன் ரஹ்மத்தால் இறக்கி வைக்கட்டும், உன்னை உயிரோடும் சுகத்தோடும் நான் ஒருதரம் கட்டிப்பிடிக்க நஸீபாக்கட்டும், ஆமீன்.

ஒன்று மறந்துவிட்டேன். பனியில் நடந்தால் சத்தம் வருமா என்று யூஜீனியாவிடம் கேட்டேன். ஓம் ராத்தா, நறநறவெண்டு தூரத்துக்குக் கேக்கும் என்றாள். வாப்பாவுக்கு மணலில் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. திரும்பி வரும்போது காலை அழுத்தி வை மகள், நீ வீட்டுக்குத்தான் போகிறாய் என்று அவன் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்காக துஆவோடு இருக்கும் உன் உம்மா
ஹயாத்து முகம்மது பளீலா